ஃபார்மேட் செய்ததும் காணாமல்போன இடம்: கன்சோல் மெனுவா, டிஸ்க் மேனேஜ்மென்ட்டா, டிஸ்க்பார்ட்டா?

என் 1 டிபி ஹார்ட் டிரைவ் 32 ஜிபி-யாகச் சுருங்கிப் போயிருந்தது. பழைய கேம் கன்சோலில் மாட்டினால் 32. கணினியில் ஃபார்மேட் செய்தால் 32. கன்சோல் மெனுவில் இன்னொரு முறை செய்து பார்த்தேன், அப்போதும் அதே 32. டிரைவ் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கும் யோசனைக்கே போய்விட்டேன். கடைசியில் விண்டோஸில் கட்டளை தட்டி இயக்கும் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் இரண்டு நிமிட வேலையாக முடிந்தது. அதனால் இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை.

முதலில், இடம் உண்மையிலேயே காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டினால் எதுவும் தொலையவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். 500 ஜிபி 465 ஆவதும் இதே கணக்கு. கன்சோலின் உள் டிரைவ் என்றால் இயங்குதளம் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5-இன் 825 ஜிபி-யில் நமக்குக் கிடைப்பது சுமார் 667. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் 1 டிபி-யில் சுமார் 802. இதை எத்தனை முறை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் மீட்க முடியாது, முயலவும் வேண்டாம். நான் பேசுவது பாதிக்கு மேல் மாயமாகும் வெளி டிரைவ்களைப் பற்றி.

கன்சோல் மெனு வழி எளிது. நாலு பட்டனை அழுத்தினால் முடிந்தது. பிளேஸ்டேஷன் 4 போன்றவை கேம் சேமிக்க வெளி டிரைவைக் கேட்கும்போது (250 ஜிபி முதல் 8 டிபி வரை ஏற்கும்) அதைத் தங்கள் பாணியில் ஃபார்மேட் செய்துகொள்ளும். அங்கே பிரச்சினை வராவிட்டால் நீங்கள் இதைப் படிக்கவே தேவையில்லை. ஆனால் என்னுடையது போன்ற பழைய கன்சோல் தன் கண்ணில் படும் பார்ட்டிஷனை (டிரைவில் எல்லை வகுத்து ஒதுக்கிய பகுதியை) மட்டுமே டிரைவ் என்று நம்புகிறது. அதற்கு வெளியே என்ன கிடக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

மொத்த விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஃபார்மேட் என்பது பார்ட்டிஷனுக்கு உள்ளே நடக்கும் வேலை. பார்ட்டிஷனின் எல்லை எங்கே என்பது டிரைவின் தொடக்கத்தில் உள்ள வேறொரு அட்டவணையில் எழுதியிருக்கிறது, ஃபார்மேட் அதைத் தொடாது. வரப்புக்குள் எத்தனை முறை உழுதாலும் வயல் பெரிதாகாது. என் விஷயத்தில் அந்த வரப்பைப் போட்டவனும் நானேதான். கன்சோலுக்கு ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் வடிவம் வேண்டியிருந்தது. விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி நெடுங்காலமாக 32 ஜிபி-க்கு மேல் ஃபேட்32 தந்ததில்லை. சரி, தற்காலிகமாக 32-க்கு ஒரு பார்ட்டிஷன் போடுவோம் என்று போட்டுவிட்டு, சுத்தமாக மறந்துபோனேன்.

இது புரியாமல் ‘க்விக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யச் சொல்பவர்களும் உண்டு. பழுதான செக்டார்களை (டிரைவின் சிறு சேமிப்புக் கட்டங்களை) கண்டுபிடிக்க அது உதவும். தொலைந்த இடத்துக்கு உதவாது. 1 டிபி அளவுள்ள பார்ட்டிஷனுக்கு யுஎஸ்பி 2.0 வழியாகச் செய்தால் எட்டு மணி நேரம் போல ஆகும், காத்திருந்த பிறகும் எல்லை நகர்ந்திருக்காது.

அடுத்தது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட். நோயைக் கண்டறிய இதைவிட நல்லது இல்லை. டிரைவை ஒரு நீளப் பட்டையாக வரைந்து, ஒதுக்கப்படாத பகுதியைக் கறுப்புக் கோட்டுடன் காட்டிவிடும். 32 ஜிபி-க்குப் பக்கத்தில் 899 ஜிபி சும்மா கிடந்ததை நான் பார்த்தது இங்கேதான். ஆனால் மருந்து கொடுக்கும்போது இடறுகிறது. பார்ட்டிஷனை நீட்டும் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’, விண்டோஸின் வழக்கமான வடிவமான என்டிஎஃப்எஸ்-க்கு வேலை செய்யும், ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் செய்யாது. அதுவும் காலி இடம் வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். பார்ட்டிஷனையே அழித்துவிடலாம் என்று போனால், கணினியைத் தொடங்கவும் மீட்கவும் வைத்திருக்கும் இஎஃப்ஐ, ரிகவரி மாதிரியான சில பார்ட்டிஷன்களில் அழிக்கும் தேர்வே மங்கலாகிக் கிடக்கும்.

டிஸ்க்பார்ட்டுக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ என்று தட்டி உள்ளே போனால், ‘லிஸ்ட் டிஸ்க்’ எல்லா டிரைவ்களையும் வரிசையாகக் காட்டும். அதில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே பெரிய எண் இருந்தால் உங்கள் தொலைந்த இடம் அதுதான். ‘செலக்ட் டிஸ்க்’ போட்டு எண்ணைக் கொடுத்து, ‘க்ளீன்’ என்றால் பார்ட்டிஷன் அட்டவணை மொத்தமும் போய்விடும். பிறகு ஒரே பார்ட்டிஷனாக உருவாக்கிக்கொள்ளலாம். புதிய கன்சோலுக்கு என்றால் எதுவும் உருவாக்காமல் வெறுமையாகவே கொண்டுபோய் மாட்டுங்கள், அது தானே பார்த்துக்கொள்ளும். நான் ஃபேட்32-க்காக ஒரு சின்ன இலவச மென்பொருளைத் தேட வேண்டியிருந்தது. 4 ஜிபி-க்கு மேற்பட்ட கோப்பை அதில் வைக்க முடியாது என்பது அந்த வடிவத்தோடு கூடப்பிறந்த தொல்லை.

இதன் ஆபத்தை மறைக்கக் கூடாது. ‘க்ளீன்’ உங்களிடம் ‘நிச்சயமா?’ என்று கேட்காது. எண்ணை மாற்றிப் போட்டால் வேறு டிரைவ் காலி. நான் மற்ற வெளி டிரைவ்களை எல்லாம் கழற்றிவிட்டு, அளவை இரண்டு முறை சரிபார்த்த பிறகே என்டரைத் தட்டினேன். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. இன்னொன்று, ‘க்ளீன்’ தகவலை அழிப்பதில்லை, அதற்கான வழிகாட்டியை மட்டும் அழிக்கிறது. டிரைவை விற்கப் போகிறீர்கள் என்றால் ‘க்ளீன் ஆல்’ வேண்டும், அது முழுக்கப் பூஜ்யம் எழுதும், மணிக்கணக்கில் ஓடும்.

3 டிபி-யோ அதற்கு மேலோ உள்ள டிரைவ் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையால் 512 பைட் செக்டார்களில் 2048 ஜிபி-க்கு மேல் எண்ண முடியாது. விண்டோஸ் கணக்கில் 2794 ஜிபி உள்ள 3 டிபி டிரைவில் 746 ஜிபி தொங்கலில் நிற்கும். க்ளீன் செய்த கையோடு ‘கன்வெர்ட் ஜிபிடி’ கொடுத்து, ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணைக்கு மாற்றினால் தீரும். ஆனால் பழைய கன்சோல்கள் பல ஜிபிடி-யைப் புரிந்துகொள்ளாது, அங்கே 2 டிபி-யோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

என் அனுபவம் விண்டோஸிலும் சுழலும் வெளி டிரைவ்களிலும் மட்டும்தான். மேக்கில் இதை நான் செய்ததில்லை. க்ளீன் செய்த பிறகும் ‘லிஸ்ட் டிஸ்க்’ காட்டும் மொத்த அளவே டிரைவின் மேல் அச்சிட்டதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், அது பார்ட்டிஷன் பிரச்சினை அல்ல. டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் அளவைக் குறைத்து வைத்திருக்கலாம், அல்லது போலி டிரைவாக இருக்கலாம். அங்கே இந்த மூன்று வழிகளும் கைகொடுக்காது.