பழைய ரேடியோ செட் வாங்குகிறவர்களுக்கு: மேசைமேல் சர்வோ ஆடும் வீடியோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்

போன மாசி மாதம் நானும் குலசேகரம் பக்கத்துத் தம்பி ஒருவனும் சேர்ந்து, கிளைடர் எனப்படும் மோட்டார் இல்லாத மாடல் விமானத்தைத் தரையிலிருந்து இயக்க, 26,000 ரூபாய்க்கு ஒரு பழைய ரேடியோ செட் வாங்கினோம். கையில் பிடித்துக் கட்டளை அனுப்ப ஒரு டிரான்ஸ்மிட்டர், கிளைடருக்குள் வைத்து அதை வாங்க இரண்டு ரிசீவர். ஒரே மாதத்தில் கிளைடரும் உடைந்தது, தம்பி கலந்துகொள்ள இருந்த போட்டியும் கைவிட்டுப் போனது. ரிசீவரில் இருந்த இரண்டு ஆன்டெனாவில் ஒன்று போர்டோடு இணைந்திருக்கவே இல்லை. பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட்டோம். அப்படியும் அது கண்ணுக்குத் தப்பியது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

விற்றவர் வெளியூர்க்காரர். பெயர் போடவில்லை. புகார் கொடுத்தாயிற்று, அது அதன் வழியில் போகட்டும். ரேடியோவின் பிராண்டையும் சொல்லவில்லை, தயாரித்த கம்பெனி மேல் குற்றம் எதுவும் இல்லை.

தம்பி இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். 26,000-இல் 14,000 அவன் பங்கு. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். மீதியை நான் போட்டேன். ஏமாந்த தொகையைவிட அவன் பணத்தில் ஏமாந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவனுக்கு ஆசை கையால் எறிகிற கிளைடர் போட்டியான எஃப்3கே மேல். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இறக்கை நீளம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மோட்டார் கிடையாது. இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, தட்டு எறிகிற மாதிரி மேலே எறிய வேண்டும். அப்புறம் வெப்பக் காற்று எங்கே மேலே கிளம்புகிறது என்று தேடிப் பிடித்து, கொடுத்த நேரத்துக்குள் கூடுதல் நேரம் பறக்கவிட்டு, கைக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். முழு எடையே ஏறக்குறைய கால் கிலோதான். எறிவதற்கு ஒரு அமைப்பு, வேகமாக ஓடுவதற்கு ஒன்று, வெப்பக் காற்றில் வட்டமடிக்க ஒன்று, இறங்கும்போது பிரேக்குக்கு ஒன்று என்று இறக்கையின் வளைவை ரேடியோவிலிருந்தே மாற்றிக்கொண்டிருப்போம். அதனால் சாதாரண நான்கு சானல் பொம்மை ரேடியோ இதற்கு ஆகாது. புது செட்டின் விலை தம்பிக்கு எட்டவில்லை, பழசு தேடினோம்.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது. 'போட்டியில் பறந்த செட், எஃப்3கே புரோகிராம் முழுவதும் ஏற்றியது, ஃபுல் ரேஞ்ச் ரிசீவர் இரண்டு, அதில் ஒன்று சீல் பிரிக்காதது' என்று போட்டிருந்தார். கேட்டதும் வீடியோ அனுப்பினார். மேசைமேல் டிரான்ஸ்மிட்டர், பக்கத்தில் ரிசீவர், இறக்கை, வால் மடல்களை அசைக்கிற குட்டிக் கருவிகளான சர்வோ நான்கு. டிரான்ஸ்மிட்டரின் குச்சியை அசைத்தால் நான்கும் அழகாக ஆடின. "பெர்ஃபெக்ட் வொர்க்கிங் ப்ரோ, நாளைக்கே வேற ஆள் எடுத்துடுவாங்க" என்றார். அன்று ராத்திரியே பணம் அனுப்பிவிட்டோம்.

அந்த வீடியோ எதற்கும் சாட்சி இல்லை என்பது இப்போது தெரிகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் கிடைக்கிற சிக்னலோடு ஒப்பிட்டால் 300 மீட்டரில் கிடைப்பது 90,000-இல் ஒரு பங்குதான். தூரம் கூடக்கூட அதன் வர்க்கத்துக்கு ஏற்பச் சிக்னல் குறையும், பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். மேசைமேல் ஆன்டெனாவே இல்லாத ரிசீவர்கூட வேலை செய்துவிடும். ரேடியோவில் பழுது இருக்கிறதா என்று தெரியவே தெரியாத இடம் மேசைதான். அதைத்தான் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள்.

பார்சல் வந்ததும் முதல் ஏமாற்றம் சுவிட்சில். எறியும்போது விரலால் அழுத்திப் பிடித்து, மேலே போனதும் விட்டால் தானே திரும்பிக்கொள்கிற ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். வந்தது சாதாரண சுவிட்ச். போட்டால் போட்டபடி நிற்கும். சரி, இதை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது, சீல் பிரிக்காத ரிசீவர் பைண்ட் ஆகவே இல்லை, அதாவது டிரான்ஸ்மிட்டரோடு இணையவே இல்லை. எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. காரணம் பின்னால் தெரிந்தது. ஐரோப்பாவில் 2015 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு விதி கடுமை. அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புகிற முறையில் வேலை செய்ய ரேடியோ கம்பெனிகள் தனி மென்பொருள் கொண்டுவந்தன. சில பிராண்டுகளில் ஐரோப்பிய மென்பொருள் உள்ள டிரான்ஸ்மிட்டர், மற்ற நாடுகளுக்கான ரிசீவரோடு சேராது. எங்களுக்கு வந்தது அப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி. விற்றவர் அந்த ரிசீவரைத் தன் டிரான்ஸ்மிட்டரோடு ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை என்பது இதிலேயே தெரிகிறது. பிராண்டு ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணைத் திரையில் காட்டச் சொல்லிப் படம் வாங்குங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. பைண்ட் ஆன ரிசீவரிலிருந்து டெலிமெட்ரி எதுவும் வரவில்லை. சிக்னல் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று திரையில் காட்ட வேண்டும், காலியாக இருந்தது. ஃபோன் பண்ணிக் கேட்டோம். "போட்டியில டெலிமெட்ரி அலவுட் இல்ல ப்ரோ, அதனால நான்தான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். கேட்டதும் நம்பிவிட்டோம். காரணம், அதில் பாதி உண்மை. சர்வதேச விதிப்படி உயரம், ஏறுகிற வேகம் போன்ற தகவல்களை மாடலிலிருந்து பைலட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆனால் சிக்னல் வலிமைக்கும் ரிசீவர் பேட்டரியின் வோல்டேஜுக்கும் அதே விதியில் விலக்கு இருக்கிறது. பாதுகாப்புக்கான விஷயத்தை எந்த விதிக்குழு தடுக்கும்? அன்றைக்கே விதியை முழுதாகப் படித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பார்.

பங்குனி முதல் வாரம் பூதப்பாண்டி பக்கம் வயலுக்குப் போனோம். கும்பப்பூ அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடந்தது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கிவிட்டால் எறிகிற கிளைடரை நினைத்தே பார்க்க முடியாது. எங்களுக்குப் பங்குனிக் காலைதான் நல்ல நேரம். தாடகை மலை மேல் வெயில் ஏறுகிற நேரத்தில் ரேஞ்ச் சோதனை செய்தோம். இந்த ரேடியோவில் அதற்கென்று தனி அமைப்பு உண்டு. போட்டால் அலையின் வலு குறைந்து, எட்டுகிற தூரம் முப்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். 30 மீட்டரில் வேலை செய்தால் வானத்தில் 900 மீட்டர்வரை பயமில்லை என்று கணக்கு. தம்பி கிளைடரைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றான், நான் 30 மீட்டர் தள்ளி நடந்தேன். எல்லாம் ஆடியது.

தப்பு நடந்தது இங்கேதான். கிளைடரின் வலது பக்கம் என்னைப் பார்த்திருந்தது. அந்த ஒரு நிலையில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொண்டோம். மூக்கைக் காட்டி, வாலைக் காட்டி, இடது பக்கம் காட்டி, தலைகீழாகப் பிடித்து என்று எல்லாத் திசையிலும் பார்த்திருக்க வேண்டும்.

ஏழாவது எறி. நல்ல உயரம் கிடைத்தது. பருந்து ஒன்று வட்டமடித்த இடத்துக்குத் தம்பி கிளைடரைக் கொண்டுபோனான், அதுவும் ஏறியது. ஒரு வட்டத்தில் இடது பக்கம் எங்களைப் பார்த்துத் திரும்பியபோது, "அண்ணே, கேக்க மாட்டேங்குது" என்றான். குச்சி முழுக்க வலப்பக்கம் இருந்தது, கிளைடர் இடப்பக்கமே சாய்ந்து போனது. அப்புறம் சட்டென்று பிரேக் விரிந்தது. சிக்னல் போனால் இறங்கட்டும் என்று நாங்கள் ஃபெயில்சேஃபில் வைத்திருந்த நிலை அது. ஒரு நொடி சிக்னல் வந்தது, பிரேக் மூடியது, மூக்கு குத்தியது, மறுபடி போனது. வயலின் மறுகரையில் இரண்டு பெண்கள் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கத்திக்கொண்டே ஓடினோம். அவர்களுக்குப் பத்தடி தள்ளி வரப்பில் மூக்கு சொருகி நின்றது. கார்பன் மூக்கு மண்ணில் நான்கு விரல்கடை இறங்கியிருந்தது. கால் கிலோதானே என்று யாரும் நினைக்காதீர்கள். அந்த அக்காமார் ஒரு வார்த்தை திட்டவில்லை, "ஒனக்கு ஒண்ணும் ஆவலியே மக்கா?" என்றுதான் தம்பியிடம் கேட்டார்கள். அவன் முகம் அப்படி இருந்தது.

ரிசீவரை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் மொபைல் ரிப்பேர் பண்ணுகிற அண்ணன் ஒருவரிடம் போனேன். அவருக்கு ரேடியோ கிளைடர் பற்றித் தெரியாது, போர்டு தெரியும். மேலே போட்டிருந்த சுருங்கு டியூபைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தார். டியூப் புதிது, பளபளவென்று இருந்தது. உள்ளே போர்டு ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தவர் தலையைத் தூக்காமலே, "மக்கா, இது உப்புத்தண்ணி குடிச்ச போர்டு" என்றார். இரண்டாவது ஆன்டெனாவை இடுக்கியால் மெல்ல இழுத்தார், கையோடு வந்துவிட்டது. ஈயம் கிடையாது, கனெக்டர் கிடையாது. வெள்ளைப் பசை ஒரு மிளகு அளவு. இரண்டு ஆன்டெனா வைப்பதே ஒன்று மறைந்தால் மற்றது பிடிக்கத்தான். எங்கள் கிளைடரின் வால் குழாய் கார்பன், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது மறைத்துவிடும். வலது பக்கம் இருந்த ஆன்டெனா நல்லது, இடது பக்கம் இருந்தது பசை. சோதனையில் நல்லது என்னைப் பார்த்திருந்தது. வானத்தில் கிளைடர் திரும்பியதும் அது மறைந்துவிட்டது.

நல்ல ஆன்டெனாவையும் அளந்து பார்த்தோம். நுனியில் மேல்வலை உரிந்து உள்கம்பி மட்டும் நிற்கிற பகுதி ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அலைநீளத்தில் கால் பங்கு. அது சரியாகவே இருந்தது. நீங்களும் பழைய ரிசீவர் வாங்கினால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வெட்டுப்பட்டுக் குட்டையாகிப்போன ஆன்டெனாவை அப்படியே விற்பதும் நடக்கிறது.

கடலிலோ காயலிலோ விழுந்த ரிசீவரை வெளியே எடுத்து, கழன்ற ஆன்டெனாவை ஒட்டி, புது டியூப் போட்டு, 'ஃபுல் ரேஞ்ச்' என்று ஒருவர் விற்றிருக்கிறார். தெரியாமல் செய்கிற வேலை இல்லை இது. படங்களை அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதில், "கிராஷ் ஆனது பைலட் எரர். உங்க ஊர் காத்து அப்படி." அடுத்த செய்திக்கு ஒற்றை டிக்தான்.

1930-க்கு அழைத்துப் பதிவு செய்தேன், சைபர் கிரைம் இணையதளத்திலும் எண் வாங்கிவிட்டேன். பணம் இதுவரை திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இலும் கேட்டேன். வீட்டிலிருக்கிற பழையதை ஒரு தடவை விற்கிறவர்மேல் நுகர்வோர் சட்டத்தில் போவது சிரமம், ஆனால் இவர் மாதாமாதம் விற்கிறவர், விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். எங்களிடம் இல்லாமல்போனது பார்சல் பிரிக்கும் வீடியோ. அது இல்லாததால் 'நீங்களே மாற்றி வைத்தீர்கள்' என்று சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ரிசீவரின் மேல் டியூபை வெட்டுவதையாவது கேமரா முன்னால் செய்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. நீங்கள் தவறாமல் செய்யுங்கள்.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் நான் இனி கேட்கப்போவது இதுதான்: வீடியோ காலில் வெளியே வாருங்கள், ரேஞ்ச் சோதனை அமைப்பைப் போடுங்கள், ஒருவர் ரிசீவரைப் பிடித்து மெல்லச் சுற்றட்டும், இன்னொருவர் 30 மீட்டர் தள்ளி நின்று குச்சியை அசைக்கட்டும், திரையில் சிக்னல் எண்ணைக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. செட் நல்லதென்றால் தயங்க மாட்டார். 'நேரமில்லை, வேறு ஆள் இருக்கிறார்' என்றால் அந்த வேறு ஆளுக்கே போகட்டும். ரிசீவரை மட்டும் முடிந்தவரை புதிதாக வாங்குங்கள். பழைய டிரான்ஸ்மிட்டரில் பழுது இருந்தால் பெரும்பாலும் கையில் தெரிந்துவிடும், ரிசீவரின் பழுது வானத்தில்தான் தெரியும்.

டிரான்ஸ்மிட்டர் தப்பித்தது. சீல் பிரிக்காத ரிசீவருக்கு நண்பர் ஒருவர் கேபிள் போட்டு மென்பொருளை மாற்றிக் கொடுத்தார், இப்போது பைண்ட் ஆகிறது, டெலிமெட்ரியும் வருகிறது. தம்பி உடைந்த மூக்குக்குக் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் போட்டுச் சரிசெய்துகொண்டிருக்கிறான். அடுத்த போட்டிக்குப் பார்க்கலாம் என்கிறான்.

குமரி மாவட்டத்தில் யாராவது பழைய செட் வாங்கி வைத்திருந்தால், பறக்கவிடும் முன் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வயலில்தான் இருப்போம். ஒருவர் மாடலைச் சுற்றிப் பிடிக்க, ஒருவர் நடக்க என்று இரண்டு பேர் வேண்டும் இதற்கு. தனியாகச் செய்ய வேண்டாம்.