பழைய பஸ் ஸ்டாண்டு ஸ்பைரல் நோட்ஸ்: ஹாமில்டன், ஜெஃபர்சன் பாடத்துக்கு வாங்கலாமா?

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் எம்.ஏ. வரலாற்று மாணவர்களுக்கு விற்கிற அமெரிக்க வரலாற்று நோட்ஸ் இது. தாள் மெலிசு, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. அமெரிக்காவின் முதல் கட்சிகளான ஃபெடரலிஸ்டு (ஹாமில்டன் தரப்பு), ரிபப்ளிகன் (ஜெஃபர்சன் தரப்பு) பற்றிய பாடத்தில் பாதி அருமை, மீதியைத் திருத்திக்கொண்டு படிக்க வேண்டும்.

அருமையான பாதி, 1791 வங்கித் தகராறு: தேசிய வங்கி தொடங்க அமெரிக்கக் காங்கிரசுக்கு (நாடாளுமன்றம்) அரசமைப்பில் அதிகாரம் உண்டா என்ற சண்டை. மூலதனம் ஒரு கோடி டாலர், அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு, 20 ஆண்டு உரிமம். பிப்ரவரி 15-இல் வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சன் மறுப்பு, 23-இல் நிதிச் செயலர் ஹாமில்டன் பதில், 25-இல் ஜனாதிபதி வாஷிங்டன் கையெழுத்து. எதுவும் பிசகவில்லை.

சறுக்குவது மொழிபெயர்ப்பில். கொடுத்த அதிகாரங்களை நிறைவேற்ற 'நெசசரி'யான சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாம் என்கிறது அரசமைப்பின் விதி 1, பிரிவு 8-இன் கடைசி வாசகம். அந்த 'நெசசரி'யை எல்லா இடத்திலும் 'இன்றியமையாத' என்று போட்டுவிட்டார்கள். சண்டையே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதானே! அது இல்லாவிட்டால் கொடுத்த அதிகாரமே வீணாகும் என்றால் மட்டுமே 'நெசசரி' என்றார் ஜெஃபர்சன். காரியத்துக்கு உதவுவது, பயன்படுவது எல்லாம் அதில் அடங்கும் என்றார் ஹாமில்டன். 'இன்றியமையாத' என்று எழுதினால் ஜெஃபர்சன் பக்கம் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது; ஹாமில்டன் பேசுவது வெறும் குயுக்தியாகத்தான் படும். 'தேவையான' என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதே விதியின் 10-ஆம் பிரிவில் 'முற்றிலும் தேவையான' என்று வேறொரு தொடர் இருக்கிறது. தேசிய வங்கி செல்லும் என்று தீர்ப்பான 1819 மெக்கல்லக் வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் பிடித்துக்கொண்டது அந்த வித்தியாசத்தைத்தான்.

10-ஆவது திருத்தத்தை (மத்திய அரசுக்குத் தராத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ என்பது) ஜெஃபர்சன் ஆதாரமாகக் காட்டினார் என்பது சரி. ஆனால் அப்போதே அது சட்டம் என்று எழுதியிருப்பது தப்பு. ஒப்புதல் முடிந்தது 1791 டிசம்பர் 15. அரசமைப்பை எதிர்த்தவர்கள்தான் பிறகு ஜெஃபர்சன் கட்சி ஆனார்கள் என்ற வரியையும் அடித்துவிடலாம். அதன் ஒப்புதலுக்காக வாதாடிய மேடிசன் அந்தக் கட்சியின் தூண். (இன்றைய ரிபப்ளிகன் கட்சி 1854-இல் பிறந்தது, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

அரசமைப்புக்குப் பொருள் சொல்வதில் ஃபெடரலிஸ்டு என்றால் தாராளம், ரிபப்ளிகன் என்றால் கறார் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. இரண்டு மார்க்குக்குப் போதும். பத்து மார்க் கேள்வியில் கவிழ்த்துவிடும். 1803-இல் லூசியானாவை 1.5 கோடி டாலருக்கு வாங்கியது ஜெஃபர்சன்தான். அரசமைப்பில் அதற்கு இடமில்லையே என்று திருத்த வரைவுகூட எழுதிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார். இடமில்லை என்று அப்போது கறார் பேசியவர்கள் ஃபெடரலிஸ்டுகள்! 1791-இல் வங்கியை எதிர்த்த மேடிசன், ஜனாதிபதியான பின் 1816-இல் இரண்டாம் வங்கிக்கே கையெழுத்திட்டார். நோட்ஸ், மத்திய அரசு வரம்பு மீறியதாகக் கண்டித்த 1798 கென்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்களோடு நின்றுவிடுவதால் இந்தக் குட்டிக்கரணம் எதுவும் அதில் இல்லை.

ஆண்டு நினைவில் நிற்க நம்மூர் வழி ஒன்று: கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806-இல் அமெரிக்காவில் ஜனாதிபதி ஜெஃபர்சன்.

அட்டவணைப் பக்கத்தில் ஓரம் தாராளமாக விட்டிருக்கிறார்கள். 1803-ஐயும் 1816-ஐயும் அங்கே பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். பேனா மறுபக்கம் ஊறும்.