ஆக்டின் வால் பார்க்க: லிஸ்டீரியாவா, ஷிகெல்லாவா?

முதுகலை ஆய்வுக்காக, செல்லுக்கு வடிவம் தரும் இழைப் புரதமான ஆக்டினையே உந்துவிசையாக்கி ஓடும் பாக்டீரியா ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ், ஷிகெல்லா பிளெக்ஸ்னெரி இரண்டுக்கும்தான் போட்டி. நான் லிஸ்டீரியாவை எடுத்தேன்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். தம்மைச் சூழ்ந்த சவ்வுப் பையைக் கிழித்து வெளியே வரும், பின்னால் ஆக்டின் வால் கட்டும், பக்கத்து செல்லுக்குள் பாயும்.

வழிதான் வேறு. லிஸ்டீரியாவின் ஆக்ட்ஏ புரதம் செல்லின் வாஸ்ப் புரதங்களைப் போல நடித்து, புதிய ஆக்டின் இழைகளைத் தொடங்கிவைக்கும் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டை நேரடியாகத் தூண்டுகிறது. ஷிகெல்லாவின் ஐசிஎஸ்ஏ புரதமோ வாஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த செல்லின் என்-வாஸ்பைப் பிடித்து, அதை வைத்து வேலை வாங்குகிறது. அதனால் என்-வாஸ்ப் நீக்கிய செல்லில் ஷிகெல்லாவுக்கு வால் வராது, லிஸ்டீரியா வழக்கம்போல ஓடும். 1999இல் தூய புரதங்களை மட்டும் வைத்து இந்த ஓட்டத்தைச் செல்லுக்கு வெளியே உருவாக்கிக் காட்டியபோதும், ஐசிஎஸ்ஏ பக்கம் என்-வாஸ்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

சரி, எனக்கு முடிவைத் தந்தது இதுவல்ல, பராமரிப்பு. ஆக்ட்ஏ மரபணு குரோமோசோமில் இருக்கிறது, எங்கும் போகாது. ஐசிஎஸ்ஏ மரபணு இருப்பது சுமார் 220 கிலோபேஸ் நீளமுள்ள பெரிய பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையத்தில். செல்லுக்குள் நுழைய உதவும் ஊசி போன்ற சுரப்பு அமைப்பும் அதே பிளாஸ்மிடில்தான். 37 டிகிரியில் திரும்பத் திரும்ப வளர்த்தால் பாக்டீரியா இந்தச் சுமையை உதறிவிடும். உதறியது இன்னும் வேகமாகப் பெருகும், வளர்ப்புக் குழம்பைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உறைய வைத்த ஸ்டாக்கிலிருந்து எடுக்கும்போதெல்லாம் காங்கோ ரெட் சாயம் கலந்த தட்டில் தேய்த்து, பிளாஸ்மிடை இழக்காத சிவப்புக் காலனியை மட்டும் பொறுக்க வேண்டும். வெள்ளையைத் தொட்டால் அன்றைய தொற்றுச் சோதனை வீண். ஆண்டுதோறும் மாணவர்கள் மாறும் ஆய்வகத்தில் இந்த ஒழுங்கு நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மரபணு மாற்றத்தில் ஷிகெல்லாவுக்கே என் ஓட்டு. ஈ.கோலையின் நெருங்கிய உறவு என்பதால் அதன் கருவிகளெல்லாம் பொருந்தும். லிஸ்டீரியாவின் தடித்த சுவருக்குள் டிஎன்ஏ ஏற்றுவது அலுப்பான வேலை. அப்புறம், செல்லின் செப்டின் புரதங்கள் கட்டும் கூண்டில் பாக்டீரியா சிக்குவதுதான் உங்கள் கேள்வி என்றால் ஷிகெல்லாவிடமே போங்கள். அதை நான் படித்திருக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

இரண்டுக்கும் உயிர்ப்பாதுகாப்பு நிலை 2. ஷிகெல்லா வெறும் 10 முதல் 100 வரை வயிற்றுக்குள் போனாலே நோய் தரலாம். லிஸ்டீரியா 4 டிகிரி ஃபிரிட்ஜிலும் வளரும், கர்ப்பிணிகள் அதன் பக்கமே வரக்கூடாது. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. செல் வளர்ப்பும் ஆக்டினைக் காட்டும் ஃபல்லாய்டின் சாயமும்தான் பணத்தைத் தின்னும், எதை எடுத்தாலும்.