ஏரிக்கரைக் குடில்: குத்தகையா, கிரயமா?

கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய கதை. கட்டடம் நம்முடையது, அடிமனை சாமியுடையது. அமெரிக்கத் தேசியக் காடுகளில் ஓய்வுக் குடில் வைத்திருப்பவர்கள் நிலையும் அதுதான். சாமியின் இடத்தில் வனத்துறை இருக்கிறது, அவ்வளவே.

1915-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று சுமார் 14,000 குடில்கள். அனுமதி வழக்கமாக 20 ஆண்டுகளுக்கு. ஆண்டு முழுக்கக் குடியிருக்கக் கூடாது. மனை வழியாக யாராவது நடந்து போனால் விரட்டவும் முடியாது. குடிலை விற்கலாம், ஆனால் அனுமதி கூடவே போகாது. வாங்கியவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முன்பு வாடகை மனை மதிப்பில் 5 சதவீதம். ஏரியோர மனைகளின் விலை எகிறியபோது வாடகையும் எகிறியது. புலம்பல் வலுத்து, 2014-இல் புதுச் சட்டம் வந்தது: ஆண்டுக்கு 650 டாலரில் தொடங்கி 5,650 வரை படிப்படியான கட்டணம், பணவீக்கத்துக்கேற்ப ஏறும்.

ஐடஹோ மாநிலம் வேறு வழியில் போனது. பிரீஸ்ட் ஏரி, பேயட் ஏரிக் கரைகளில் அரசு குத்தகைக்கு விட்டிருந்த மனைகள், 1890-இல் மாநிலம் உருவானபோது பள்ளிகள் போன்றவற்றுக்காகக் கிடைத்த அறக்கட்டளை நிலத்தைச் சேர்ந்தவை. அதிலிருந்து நீண்டகால நோக்கில் அதிகபட்ச வருமானம் ஈட்ட வேண்டும் என்பது மாநில அரசியல் சாசனத்தின் கட்டளை. ஆக, குறைந்த வாடகை என்றால் பிள்ளைகளின் பணத்தில் சிலருக்குக் கோடை விடுமுறை. குத்தகைதாரர்களைப் போட்டி ஏலத்திலிருந்து காத்த சட்டத்தை 2012-இல் மாநில உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அதற்கு முன்பே, 2010-இல், இந்த நிலங்களை நிர்வகிக்கும் மாநில நில வாரியம் இந்த மனைகளை மெல்லக் கைகழுவ முடிவெடுத்திருந்தது. அப்புறம் ஏலங்கள். வேறொருவர் மனையை எடுத்தால் குடிலுக்கான விலையை இருந்தவருக்குத் தர வேண்டும். பெரும்பாலும் இருந்தவர்களே எடுத்தார்கள்.

அலாஸ்கா இரண்டையும் கலக்கிறது: அங்கே வசிப்பவர் ஒதுக்கிய பகுதியில் தானே முளையடித்து, சில ஆண்டு குத்தகைக்கு எடுத்து, அளந்து மதிப்பிட்ட பின் சந்தை விலைக்கு வாங்கலாம்.

சரி, எது மேல்? வாங்குபவருக்குக் கிரயம்தான், அனுமதிக் குடிலுக்கு வங்கிக் கடன் கிடைப்பதே பாடு. ஊருக்கு எது நல்லது என்றால் என் பதில் மாறும். பள்ளிக்கு வருமானம் தரவே இருக்கும் நிலத்தை நல்ல விலைக்கு விற்பதில் தப்பில்லை. காட்டை விற்பதுதான் உறுத்துகிறது. இன்று அந்தக் காட்டு ஏரிக்கரையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். கிரயம் ஆன மறுநாள் அங்கே ஒரு வேலி இருக்கும்.