எஸ்டிஐ கேபிள் என்று சொல்லி டிஷ் கேபிளைத் தலையில் கட்டிவிட்டார்கள், 31,400 ரூபாய் போச்சு

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் திருவிழா லைவ், கல்யாண எல்இடி வால் வேலை எடுக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. சிசிடிவி, டிஷ், சவுண்டு சாமான் எல்லாம் சேர்த்து விற்கிற கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

கடலோரப் பங்குச் சர்ச் ஒன்றில் திருவிழா லைவ் எங்களுக்குக் கிடைத்தது. பாடகர் மாடத்தில் இருந்து மிக்சர் அறைக்கு ஏறக்குறைய 80 மீட்டர். 1080பி 50 (நொடிக்கு 50 முழுப் படம்) போகணும், 3ஜி எஸ்டிஐ (கேமராப் படத்தை ஒரே கேபிளில் டிஜிட்டலாக அனுப்புகிற முறை), நொடிக்கு 2.97 கிகாபிட் தாங்குகிற கேபிள் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு முழம் வெட்டி, இரண்டு பக்கமும் பிஎன்சி கனெக்டர் அடித்து, என் கேமராவையே வாங்கி மானிட்டரில் மாட்டிக் காட்டினார். படம் பளிச்சென்று வந்தது. "பாத்தீங்களா, நம்ம ஊரு சர்ச்சுக்கெல்லாம் இதத்தான் குடுக்கேன், தைரியமா கொண்டு போங்க தம்பி" என்று தோளில் தட்டினார். இவ்வளவு பொறுமையாக மாட்டிக் காட்டுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? 300 மீட்டர் ரோல், கனெக்டர், கிரிம்ப் கூலி எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

ஒரு முழத்தில் எந்தக் கேபிளும் படம் காட்டும். எஸ்டிஐயில் தூரம் கூடக் கூடப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்காது, ஒரு எல்லை வரை கண்ணாடி மாதிரி இருக்கும், அதைத் தாண்டினால் பொட்டுப் பொட்டாகத் தெறித்து அப்படியே கறுத்துவிடும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அதுதான் நடந்தது. பாதி வேகம் போதுமான 1080 இன்டர்லேஸுக்கு இறக்கியும் படம் வந்து வந்து போனது. திருவனந்தபுரத்தில் சேனல் வேலை பார்க்கிற நண்பரின் கேபிளை வாங்கி அதே இடத்தில் போட்டோம், ஒரு குறையும் இல்லை. அப்புறம் இந்த ரோலை அறுத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டே கொண்டு போனதும் நடுக்கம்பி டக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு! சுற்றிலும் இருக்கிற தடுப்புப் பின்னல் என்று பெயருக்குக் கொஞ்சம் அலுமினிய இழை. டிஷ் சிக்னல் உயர் அதிர்வெண்ணில் கம்பியின் மேல்தோலிலேயே ஓடுவதால் அதற்கு இது போதும். எஸ்டிஐக்குக் கீழ் அதிர்வெண்ணும் சேர்ந்து போகணும், முழுச் செம்பு இல்லாமல் ஆகாது. பிஎன்சியும் 50 ஓம்தான், எஸ்டிஐக்கு வேண்டியது 75 ஓம்.

போன் பண்ணினால் "உங்க கேமரா செட்டிங்க பாருங்க." நேரில் போனால் "வெட்டின கேபிள திருப்பி எடுக்க முடியாது." அப்புறம் "மொதலாளி இல்ல, நாளைக்கு வாங்க." மறுநாள் அதே ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேறு ஒருவருக்கு டிவிஆர் விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். பில்லை நீட்டினேன். அதில் "கேபிள் 1 ரோல்" என்று மட்டும்தான் இருக்கிறது. "எஸ்டிஐன்னு நாங்க எங்க எழுதினோம்?" என்கிறார். 31,400 ரூபாய்! அந்த வேலையில் மிஞ்ச வேண்டிய காசு முழுக்க அதுதான், பையன்களுக்குச் சம்பளம் கைக்காசில் இருந்து கொடுத்தேன்.

கேபிள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. காந்தம் கொண்டு போங்கள். ஒட்டாவிட்டாலும் பிளேடால் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மேலே ஆர்ஜி 6 என்று கேபிள் வகைப் பெயர் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பெல்டன் 1694ஏ, கனாரே எல்-5சிஎஃப்பி என்கிற மாதிரி மாடல் எண் கேட்டு, 3ஜிக்கு எத்தனை மீட்டர் என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். கனெக்டர் 75 ஓம், திருகி மாட்டுகிற பிஎன்சி வேண்டவே வேண்டாம். முழு ரோலையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். "75 ஓம், 3ஜி எஸ்டிஐ" என்று பில்லில் எழுதாமல் பைசா கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வந்தால் கீழே போடுகிறேன்.