கம்ப்ரஸர் டேங்குல துரு: டிரெயின் காக், பால் வால்வு, ஆட்டோ டிரெயின், எது வேணும்?

வீட்டு ஷெட்ல ஒரு 50 லிட்டர் கம்ப்ரஸர் வாங்கி வச்சவங்க கொஞ்ச நாள்ல கேக்குற கேள்வி இதுதான், டேங்குல சேர்ந்து துருப்பிடிக்க வைக்கிற தண்ணிய வெளியேத்த, தானா திறந்து மூடுற ஆட்டோ டிரெயின் வாங்கி மாட்டிடலாமா, இல்ல அடியில கம்பெனி குடுத்த திருகு காக்கே போதுமா? என் பதில முதல்லயே சொல்லிடுறேன். சனி ஞாயிறு மட்டும் ஓட்டுறவங்களுக்கு ரெண்டுமே வேணாம், ஒரு பால் வால்வ (கைப்பிடிய கால் சுத்து திருப்புனா திறக்குற வால்வு) வெளிய இழுத்து வச்சா போதும்.

தண்ணி எவ்ளோ வருதுங்கறது தெரிஞ்சாதான் இதுல முடிவெடுக்க முடியும். 30 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் சுமார் 30 கிராம் ஈரத்த பிடிச்சு வைக்கும். சென்னைல ஈரப்பதம் 80 சதவீதம் இருக்குற நாள்ல மெஷின் உள்ள இழுக்குறது கிட்டத்தட்ட 24 கிராம். அத கேஜ் காட்டுற 8 பார் பிரஷருக்கு (வெளிக்காத்தோட ஒரு பாரும் சேர்த்தா ஒன்பது) அமுக்குனா காத்து ஒன்பதுல ஒரு பங்கா சுருங்கிடும், ஆறினப்புறம் அந்த இடத்துக்குள்ள மூணு கிராம் சொச்சம்தான் ஆவியா நிக்க முடியும், மீதி 20 கிராம் தண்ணியா இறங்கிடும். நிமிஷத்துக்கு 100 லிட்டர் தள்ளுற மெஷின் அரை மணி நேரம் விடாம ஓடுனா 60 மில்லி வரைக்கும் வரும், ஒரு சின்ன டீ கிளாஸ்னு வச்சுக்கங்க. எல்லாமே டேங்குல தங்காது, காத்து சூடா இருக்கும்போதே கொஞ்சம் ஹோஸ் வழியா போயிடும், ஆனா தங்குறதே போதும்.

இப்ப கம்பெனி காக். காசு செலவு இல்ல, கூடுதல் ஜாயின்ட் இல்ல, அதனால லீக்கும் இல்ல. பிரச்சனை அது இருக்குற இடம்தான். டேங்குக்கு நேர் அடியில, தரைக்கு நாலு விரல் உசரத்துல இருக்கும், குனிஞ்சு கைய உள்ள விட்டு திருகணும், திறந்த உடனே துரு தண்ணி கை மேலயே அடிக்கும். முதல் மாசம் ஒழுங்கா திறப்போம், அப்புறம் "நாளைக்கு பாத்துக்கலாம்"னு விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு போனா அந்த திருகே இறுகிப் போயிருக்கும், பிளையர் வச்சு திருப்புனா முனை உடைஞ்சு கைல வரும்.

இன்னொரு விஷயம், சில டேங்குல அந்த டிரெயின் பொருத்துற புஷ் (த்ரெட் போட்ட வளையம்) உள்பக்கம் கொஞ்சம் தூக்கி நிக்கும், அதனால எப்ப திறந்தாலும் அடியில ஒரு படலம் தண்ணி மிச்சம் இருந்துட்டே இருக்கும், துருப்பிடிக்கிறதும் சரியா அந்த இடத்துலதான். எதிர்ப்பக்க கால் ரெண்டுக்கும் அடியில ஒரு பலகைத் துண்ட குடுத்து டிரெயின் பக்கம் லேசா சாய்ச்சு வைங்க, ஓட்டும்போது ஆடாம இருந்தா போதும்.

பால் வால்வு செட்டப்னா ஒண்ணும் பெருசில்ல. கரண்ட் பிளக்க பிடுங்கி, காத்த முழுசா இறக்கி, கேஜ் ஜீரோ காட்டுதான்னு பாத்துட்டு பழைய காக்க கழட்டுங்க. அந்த இடத்துல ஒரு நிப்பிள், ஒரு எல்போ, டேங்குக்கு வெளிய நீட்டிக்கிட்டு வர்ற அளவுக்கு ஒரு துண்டு ஜிஐ பைப், அதோட நுனில பித்தளை பால் வால்வு. த்ரெட் பெரும்பாலும் கால் இஞ்ச் இருக்கும், இருந்தாலும் கழட்டுன காக்க கையோட ஹார்டுவேர் கடைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. டெஃப்லான் டேப் சுத்தி டைட் பண்ணி, காத்து ஏத்தி, ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. பிவிசி பைப் மட்டும் போடவே கூடாது, காத்துப் பிரஷர்ல அது உடைஞ்சா சில்லு சில்லா தெறிக்கும்.

இதுல லாபம் என்னன்னா நின்னபடியே திறக்கலாம், ஒரு பழைய பெயிண்ட் டப்பாவ கீழ வச்சு பிடிக்கலாம், என்ன வருதுன்னு கண்ணால பாக்கலாம். தெளிவா வந்தா நல்லது. பால் மாதிரி வந்தா பம்ப் ஆயில் தண்ணியோட கலந்து வருதுன்னு அர்த்தம், ஆயில் லெவலயும் கலரையும் பாருங்க. செம்மண் கலர்ல வந்தா உள்ள துரு ஆரம்பிச்சாச்சு. ஒண்ணு ரெண்டு பார் மிச்சம் இருக்கும்போது மெதுவா திறங்க, 8 பார்ல படக்குனு திறந்தா டப்பா பறக்கும்.

ஆட்டோ டிரெயின்ல ரெண்டு வகை இருக்கு. எலக்ட்ரானிக் வகைல டைமர் வச்ச சோலனாய்டு வால்வு (கரண்ட்ல திறந்து மூடுறது), இத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ இத்தன செகண்ட் திறன்னு செட் பண்ணலாம். தினமும் எட்டு மணி நேரம் ஓடுற டிங்கரிங் பெயிண்டிங் ஷெட்டுக்கு இது நல்ல பொருள், அங்க வேல மும்முரத்துல யாரும் போய் டிரெயின் பண்ணப் போறதில்ல. வீட்டுல கதை வேற. ஏற்கனவே துருப்பிடிச்ச டேங்குல மாட்டுனா துருத் துகள் அந்த சின்ன ஓட்டைல சிக்கும், ஒண்ணு திறக்கவே திறக்காது, இல்லன்னா மூடவே மூடாது. மூடலன்னா காத்து இறங்கிட்டே இருக்கும், மெயின் ஸ்விட்ச்ச அணைக்காம தூங்கப் போயிட்டீங்கன்னா மோட்டார் ராத்திரி முழுக்க ஓடும். திறக்கலன்னா அது இன்னும் மோசம், ஆட்டோ பாத்துக்குதுன்னு நம்பி நீங்க எட்டிக்கூட பாக்க மாட்டீங்க. இன்னொரு வகை, மோட்டார் நிக்கும்போது பிரஷர் ஸ்விட்ச் "புஸ்"ஸுன்னு விடுற காத்துலயே வேல செய்யுறது, கரண்ட் வேணாம், ஆனா துகள் சிக்குற தொல்லை இதுக்கும் உண்டு. எதை மாட்டுனாலும் முன்னாடி துகள பிடிக்கிற சல்லடை மாதிரி ஒரு ஸ்ட்ரெயினரும் கையால மூடுற ஒரு வால்வும் போடுங்க.

"நான் வாட்டர் ஃபில்டர் போட்டிருக்கேனே"னு சில பேர் சொல்லுவாங்க. அது டேங்குக்கு அப்புறம் இருக்கு சார், உங்க பெயிண்ட் கன்னத்தான் காப்பாத்தும், டேங்க இல்ல. சிலிக்கா ஜெல் டப்பாவும் அப்படித்தான். டேங்க காப்பாத்தணும்னா பம்புக்கும் டேங்குல இருக்குற செக் வால்வுக்கும் (காத்த ஒரு பக்கம் மட்டும் விடுறது) நடுவுல காத்த ஆற வைக்கிற ஒரு கூலர் காயிலும் தண்ணிய பிரிக்கிற செபரேட்டரும் போட்டு தண்ணிய முன்னாடியே பிடிக்கணும். நல்ல ஐடியாதான், பெயிண்டிங் அதிகமா பண்றவங்களுக்கு செலவு பண்ணலாம். டயருக்கு காத்தடிக்கவும் ஆணி கன்னுக்கும் இது ஓவர்.

வேல முடிஞ்சதும் காத்த வச்சிருக்கணுமா, இறக்கணுமாங்கறதுலயும் ரெண்டு கட்சி. இறக்குனா வெளி ஈரக்காத்து உள்ள போகும்னு ஒரு கட்சி சொல்லுது. ஆனா அமுக்கி வச்சு ஆறின டேங்குக் காத்து எப்பவுமே நூறு சதவீத ஈரப்பதத்துல நிக்குது, அடியில தண்ணியும் கிடக்குது, வெளிக்காத்து அதவிட காஞ்சதுதான். அதனால நான் இறக்குற கட்சி, வால்வ ராத்திரி திறந்தே விட்டுடுவேன். அடிக்கடி பத்து நிமிஷம் கார் டயருக்குன்னு போடுறவங்க வேணும்னா காத்த வச்சுக்கங்க, தண்ணிய மட்டும் எடுத்துடுங்க.

பைக் டேங்குக்கு ஊத்துற கோட்டிங்க உள்ள ஊத்துறதுக்கு என் ஓட்டு கிடையாது. உள்பக்கத்த ஒழுங்கா சுத்தம் பண்ண வழியில்ல, துரு மேலயே ஒட்டும், பேந்து வந்து டிரெயின அடைக்கும், அதுக்கு அடியில குழி விழுறதும் தெரியாது. ஃபேக்டரிலயே கோட்டிங் பண்ணி வந்த டேங்குன்னா அது வேற.

டேங்கு அடியில ஊசித் துளை விழுந்து காத்து கசிஞ்சா வெல்டிங் வைக்கவோ எம்-சீல் ஒட்டவோ போகாதீங்க. ஒரு துளை வெளிய தெரியுதுன்னா சுத்தி இருக்குற தகடும் மெலிஞ்சிருக்கும், அது வெடிச்சா ஷெட்டோட போகும். துளை விழல, ஆனா சந்தேகமா இருக்குன்னா தண்ணிய முழுசா நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் பண்றவங்ககிட்ட குடுங்க, தண்ணி அமுங்காது, அதனால விட்டாலும் காத்து மாதிரி வெடிச்சுத் தெறிக்காது. துளை விழுந்த டேங்குல யாரும் திரும்ப காத்து ஏத்தாதபடி ரெண்டு ஓட்டை போட்டு பழைய இரும்புக்குப் போட்டுடுங்க, பம்பும் மோட்டாரும் நல்லா இருந்தா புது டேங்கு மேல தூக்கி வச்சுக்கலாம்.