சுவோன்ல ஒரு சின்ன கொரியன் சாப்பாட்டுக் கடை: அஞ்சு வருஷத்துக்கு மேல சாப்பிட்டவன் சொல்றது

தென்கொரியால இருக்கற சுவோன் ஊரைச் சொன்னாலே கொரியாக்காரங்க "அட, கல்பி நல்லா இருக்குமே"ம்பாங்க. மாட்டு விலா எலும்புக் கறி, அந்த ஊரு ஸ்பெஷல். நான் மாடு தொடறதில்ல, அதனால இது அந்த மாதிரி பேர் வாங்கின கடையைப் பத்தி இல்ல. எங்க லேப் பின்வாசல்ல இறங்கி ரெண்டு சந்து தள்ளி, ஒரு லாண்டரிக்குப் பக்கத்துல எட்டே டேபிள் போட்ட கடை. ஒரு அம்மா சமைக்கிறாங்க, அவங்க தங்கச்சி பரிமாறுறாங்க, அவ்வளவுதான் ஸ்டாஃப். 2019 செப்டம்பர்ல வேலைக்கு வந்ததுல இருந்து வாரத்துக்கு மூணு நாளாவது அங்கதான் மதியச் சாப்பாடு.

முதல் ஆறு மாசம் பிடிக்கவே இல்லைங்கறதையும் சொல்லிடறேன். பசிக்குப் போனேன், பக்கத்துல இருந்துச்சு, அதான் காரணம். சாப்ஸ்டிக் இங்க மரம் கிடையாது, தட்டையான எவர்சில்வர், பிடிச்சா வழுக்கும். சோறு மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்துல வரும், தொட்டா கை சுடும், நான் வேற எங்கயோ படத்துல பாத்த நினைப்புல கிண்ணத்தைக் கையில தூக்கி வாய்கிட்ட கொண்டு போனேன், அந்தம்மா வந்து டேபிளை ரெண்டு தட்டு தட்டி கீழ வைன்னு சைகை காட்டினாங்க. சோத்தை ஸ்பூன்லதான் சாப்பிடணும், கிண்ணம் டேபிளை விட்டு எழும்பக்கூடாது. அந்தக் கிண்ணம் சின்னதா இருக்கறதுக்கும் ஒரு கதை இருக்கு, 1970கள்ல அரிசி மிச்சம் பிடிக்கறதுக்காக ஓட்டல் கிண்ணம் இவ்வளவுதான் இருக்கணும்னு அரசாங்கமே அளவு வெச்சுது. அந்த அளவு நமக்குப் பத்துமா? ரெண்டாவது கிண்ணத்துக்கு 1,000 வோன் தனி, நான் எப்பவுமே ரெண்டு.

ஆனா தொட்டுக்கறதுக்குக் காசு கிடையாது. பான்ச்சான்னு சொல்வாங்க, நாலஞ்சு சின்னத் தட்டுல வரும், தீர்ந்தா கேட்டா திரும்ப வைப்பாங்க. இந்தக் கடைல அது தினமும் மாறும். சோயா பயறு முளைகட்டி வதக்கினது, நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்ச கீரை (எள்ளை நல்லா வறுத்து ஆட்டின எண்ணெய், நம்மளுதை விட வாசனை தூக்கும்), முள்ளங்கி, சில நாள் முட்டையைச் சுருட்டி வெட்டி வெச்சிருப்பாங்க. நெத்திலிக் கருவாடு வறுவல் வரும், ஆனா இனிப்பா! பொடி நெத்திலியைப் பாகு மாதிரி ஏதோ ஊத்திப் புரட்டி, மேல எள்ளு. கருவாட்டுல இனிப்பானு முதல் தடவை அப்படியே ஒதுக்கி வெச்சேன், இப்ப அந்தத் தட்டைத்தான் முதல்ல காலி பண்றேன்.

ஒரு நாள் ரெண்டு நாள் போனா தெரியாத விஷயம் கிம்சி, அதாவது கோஸுல மசாலா தடவிப் புளிக்க வைக்கற ஊறுகாய். கடைக்கு ரேட்டிங் போடறவங்க ஒருத்தர் சூப்பர்னு போடுவாங்க, இன்னொருத்தர் ஒரே புளிப்புன்னு போடுவாங்க, ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான், அவங்க கடைக்குப் போனது வேற வேற மாசம், அவ்வளவுதான். நவம்பர் கடைசில வருஷத்துக்கான கிம்சியை மொத்தமா போடுவாங்க, கிம்ஜாங்னு பேரு. அதுக்குக் கடை ஒரு நாள் லீவு. 2021ல நான் சும்மா எட்டிப் பாத்தேன், கூப்பிட்டு கையில ரப்பர் கிளவுஸ் மாட்டிட்டாங்க. ராத்திரி முழுக்க உப்புத் தண்ணியில ஊறித் துவண்டு போன முட்டைக்கோஸ் (நம்ம உருண்டை கோஸ் இல்ல, நீளமா இருக்கும்), ஒவ்வொரு இலையா விலக்கி உள்ள மிளகாய்த்தூள், பூண்டு, உப்புல ஊறின சின்ன எறா எல்லாம் சேர்ந்த மசாலாவைத் தடவணும். நான் அள்ளி அப்பினேன், சமைக்கிற இமோ அதை வழிச்சு எடுத்துட்டு, காம்புப் பக்கம்தான் நிறைய, நுனிப் பக்கம் சும்மா தடவுனா போதும்னு காட்டினாங்க. (இமோன்னா அம்மாவோட அக்கா தங்கச்சி, கடைக்கார அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடறது, நம்மூர்ல யாரையும் அக்கானு கூப்பிடற மாதிரி.) முடிச்சதும் வேகவெச்ச பன்னிக்கறியை அப்பப் போட்ட கிம்சில சுத்திக் குடுத்தாங்க. அன்னைக்கு சாப்பிட்டதுதான் இந்தக் கடைல நான் சாப்பிட்டதுலயே முதல் இடம், அது மெனுலயே கிடையாது.

அப்புறம் டிசம்பர்ல கிம்சி கடிச்சா நறுக்குனு இருக்கும், மார்ச் ஏப்ரல்ல புளிப்பு ஏறும், கோடைல நல்லாவே புளிச்சிடும். அப்படிப் புளிச்சதைப் போட்டு வைக்கற கொழம்புதான் கிம்சி ஜிகே. அதனால என் கணக்குப்படி டிசம்பர்ல போனா ஜிகே ஆர்டர் பண்ணாதீங்க, ஜூலைல பண்ணுங்க. செக்கச்செவேல்னு இருக்கறதைப் பாத்து பயப்பட வேணாம், காரம் கம்மிதான். நமக்குக் காரம் வேணும்னா சோங்யாங் பச்சை மிளகாய்னு கேளுங்க, நறுக்கித் தருவாங்க, அது கொஞ்சம் உறைக்கும்.

சைவம் சாப்பிடறவங்க கவனிங்க. கோயம்புத்தூர் நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன், சுத்த சைவம். "கறி வேணாம்"னு கொரியன்ல தெளிவா சொன்னேன். சரி சரினு தலையாட்டிட்டுப் போனவங்க, ஜிகேல ஹேம் (பதப்படுத்தின பன்னிக்கறி) துண்டு போட்டுக் கொண்டு வந்தாங்க. கேட்டா, கறி இல்லையே, ஹேம்தானே! அவங்க கணக்குல கறின்னா வெட்டின கறி, டப்பால வர்றது சேர்த்தி இல்ல போல. அதையும் எடுத்துட்டாகூட கொழம்புக்குத் தண்ணியே நெத்திலி வேகவெச்ச தண்ணி. பாவம் அவர் சோறும் கீரையும் கடல்பாசி அப்பளமும் சாப்பிட்டு எந்திரிச்சார். இது கடைக்காரங்க தப்புன்னு சொல்லமாட்டேன், நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

தனியாப் போறவங்க தோல்சொத் பாப் கேளுங்க. கல் சட்டியிலயே சோறு வெந்து வரும், திறந்ததும் சோத்தைத் தனிக் கிண்ணத்துக்கு அள்ளிடணும், சட்டி அடில காந்தல் ஒட்டியிருக்கும், அதுல வெந்நீரை ஊத்தி மூடி வெச்சிடணும். மத்ததெல்லாம் சாப்பிட்டு முடிச்சிட்டு திறந்தா, காந்தல் ஊறி தண்ணி லேசா பழுப்பாயிருக்கும், கரண்டியால சுரண்டி அப்படியே குடிக்கறது. உப்புகூடப் போடமாட்டாங்க. வீட்ல அடிப்பிடிச்ச சோத்துக்கு அண்ணன் தம்பி சண்டை போட்டு வளர்ந்தவனுக்கு வேற என்ன சொல்லணும். இதுக்கு மட்டும் பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகும், அவசரத்துக்குப் போகாதீங்க.

குறைகள் இருக்கு. டேபிள்லயே அடுப்பு வெச்சுக் கொதிக்கற அயிட்டம் எல்லாம் ரெண்டு பேருக்குக் கம்மியா தரமாட்டாங்க, ஒருத்தனாப் போய் ரெண்டு பேர் காசு குடுக்கறேன்னாலும் வேணாம்னுடுவாங்க, வீணாப் போகுமாம். மூணுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் பிரேக், கதவு திறந்திருந்தாலும் உள்ள போகாதீங்க, ரெண்டு பேரும் அங்கயே படுத்திருப்பாங்க. விலை ஏறிப்போச்சு, நான் வந்தப்ப 7,000 வோன் இருந்த ஜிகே இப்ப 9,500. கோவிட் சமயத்துல நாலு பேருக்கு மேல சேர்ந்து உக்காரக்கூடாது, வாசல்ல கியூஆர் காட்டணும்னு இருந்தப்ப கடை தாங்குமான்னே சந்தேகமா இருந்துச்சு, அதனால இந்த விலை ஏத்தத்தை நான் பெருசா எடுத்துக்கலை. போன வருஷம் வாசல்ல ஒரு டச் ஸ்கிரீன் வெச்சாங்க, அதுலதான் ஆர்டர் பண்ணணுமாம். ரெண்டு மாசம் பாத்தாங்க, இப்ப அது மேல தொட்டிச் செடி வெச்சிருக்காங்க.

ஊருக்குப் போய்ட்டு வரப்ப ஒரு பாட்டில் மாவடு குடுத்தேன். இமோ ஒண்ணைக் கடிச்சுட்டு கண்ணை மூடிக்கிட்டாங்க, உப்பு அவ்வளவு. அவங்க ஊர்லயும் பச்சைப் பிளம்ல இதே மாதிரி ஊறுகாய் உண்டு, ஆனா அது இனிப்பு. சரி, தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன். மூணு வாரம் கழிச்சு நான் மட்டும் உக்காந்திருந்த ஒரு மதியம், பான்ச்சான் தட்டுல ஒண்ணுல மாவடு, கொட்டை எடுத்து மெல்லிசா அரிஞ்சு, எள்ளெண்ணெயும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுப் பிசைஞ்சு. ரெண்டாவது தட்டு கேட்டேன், தீர்ந்துடுச்சுன்னாங்க, அவங்க தங்கச்சி சாப்பிட்டுட்டாங்களாம்.